உன் ஆம்பில் இல்லாத பழுது

அன்புள்ள கவின்,

உன் கிட்டார் ஆம்பில் எந்தப் பழுதும் இல்லை. எட்டு மாதமாக அதைத் திறந்து பார்த்து மூடி, மறுபடியும் திறந்து பார்த்து, நீ தேடிக்கொண்டிருப்பது அதற்குள் இருந்தால்தானே கிடைக்கும். இந்த ஒரு வரியை மட்டும் எழுதி உன் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் பாதி உண்மையைச் சொல்லி மீதியிலிருந்து தப்பித்துக்கொள்வேன். அது எனக்கு நன்றாகக் கைவந்த வேலை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை, உனக்கு அரை நாள் வேலை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கூட்டம் அதிகம் இல்லையென்றால் மூன்று மணிக்கு உன் மோட்டார் சைக்கிள் வந்துவிடும். இப்போது மணி பதினொன்று. அம்மா, நிலானியின் அம்மாவோடு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருக்கிறாள். அடுத்த மாதம் உனக்கும் நிலானிக்கும் கல்யாணம். அதற்கு முன்னால், நாளை மறுநாள் திங்கட்கிழமை, உனக்கு வேலை தருவதாகச் சொன்ன சிங்கப்பூர்ப் பட்டறைக்காரர்களுக்கு நீ பதில் அனுப்ப வேண்டும். நீ என்ன பதில் எழுதி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

அந்த ஆம்பை நீ முதன்முதலில் தூக்கி வந்த நாளிலிருந்து சொல்கிறேன். சிங்கப்பூரில் யாரோ பயன்படுத்தியதை வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டி, பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குக் கொண்டுவந்தாய். ஒரு சின்னப் பெட்டி, இரண்டே டியூப், ஐந்து வாட். நீ கிட்டாரைச் செருகி வாசித்ததும் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். நீ கோபப்படவில்லை. "இருங்கப்பா, இத நான் மாத்திக் காட்டுறேன்" என்றாய். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை போச்சு. அம்மா தட்டு வைக்க இடமில்லாமல் புலம்புவாள், நீ போனில் யாரோ எழுதியதைப் பார்த்துக்கொண்டே கெபாசிட்டர் மாற்றுவாய். ஸ்பீக்கரைக் கழற்றிப் பெரியது போட்டாய். டோன் திருகிக்குப் போகிற வழியை வெட்டிவிட்டாய், சத்தம் விடுதலையாகும் என்றாய். அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மாற்றிய அன்று நீ ஒற்றைச் சுரத்தை இழுத்து நிறுத்தினாய். அது கரகரத்து, கொழுத்து, மெல்ல அடங்கியது. அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கியது. நான் முகம் கழுவப் போனதாகக் காட்டிக்கொண்டேன்.

எனக்கு அந்தச் சமயம் உன் மேல் பெருமையும் இருந்தது, பொறாமையும் இருந்தது. பொறாமை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் சரியான சொல். பாலோ டவுனில் பதினோரு வருடம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். டியூப் டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தே வியாதி சொன்னவன். கடையை மூடிவிட்டு செனாயில் பாக்டரிக்குப் போனபிறகும் லைனில் எந்தப் போர்டு படுத்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அப்படிப்பட்டவன் ஒருவன் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நீ முகம் தெரியாத யாரோ ஒருவன் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாய். நீ என்னிடம் கேட்டதே இரண்டு விஷயம்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும் கரண்டை எப்படி இறக்குவது என்று கேட்டாய், சொன்னேன். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தொட வேண்டும் என்பது உண்மையா என்று கேட்டாய், உண்மை என்றேன். இரண்டையும் நீ ஒருநாளும் மீறியதில்லை. நான் பாதி நாள் மீறியவன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று முறுக்கிக்கொண்டு பேப்பர் படித்தேன்.

பிறகு அந்த இரைச்சல் வந்தது. வாசிக்காமல் இருக்கும்போதும் ம்ம்ம் என்று அடியில் ஒரு முனகல். தனியாக இருந்தால் குறைவு, மைக் இணைக்கிற மிக்ஸரோடு சேர்த்தால் காது கொள்ளாது. மூன்று வாரம் நீ அதோடு மல்லுக்கட்டினாய். நிலானியின் அப்பா அம்மாவுக்கு முப்பதாவது கல்யாண நாள் வருகிறது, பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு மதிய விருந்து, நீ வாசிக்க நிலானி பாடுவதாக ஏற்பாடு. அந்தப் பெரிய மனிதர் இலங்கைத் தமிழர் வழி வந்தவர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம்மைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியை ஒரு தடவை ஏற்றிவிட்டுக்கொள்வார். அவர் முன்னால் உன் ஆம்ப் முனகக் கூடாது என்று நீ தவித்தாய். விருந்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்தாய். அம்மா வெளியே போயிருந்தாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

என்ன செய்தேன் என்று உனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். உள்ளே உலோகச் சட்டத்தில் பற்றவைத்திருந்த எர்த் கம்பியை எடுத்துவிட்டேன். நுனியில் டேப் சுற்றி ஓரமாக மடித்து வைத்தேன். முனகல் நின்றது. ஆனால் கிட்டார் கம்பியைத் தொட்டால் மெல்லிய சீறல் ஒன்று வந்தது. அதற்கும் எனக்கு மருந்து தெரியும். என் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, எந்தக் காலத்து டிவியிலிருந்தோ கழற்றி வைத்த ஒரு கெபாசிட்டரை எடுத்து, மெயின் கரண்டு வரும் இடத்திலிருந்து சட்டத்துக்குப் போட்டேன். சீறலும் அடங்கிவிட்டது. இதை எங்கே கற்றேன் என்கிறாயா? நாங்கள் இருந்த தோட்டத்து வீடுகளில் எர்த் என்று ஒன்று கிடையாது. மூன்று ஓட்டை சாக்கெட்டில் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகுவோம். இன்றைக்கும் பாதி வீடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டு கம்பியில் ஓடுகிற செட்டுக்கு மூன்றாவது கம்பி ஒரு சம்பிரதாயம் என்றுதான் என் தலைமுறை ரிப்பேர்காரர்கள் நினைத்தோம். இரைச்சல் வந்தால் முதலில் அதை வெட்டுவோம், வெட்டிவிட்டு இந்தக் கெபாசிட்டரைப் போடுவோம். அந்தக் கெபாசிட்டர் கெட்டுப்போனால் பெட்டி முழுக்க, கிட்டார் கம்பி வரைக்கும், கரண்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்யவில்லை. கெட்டுப்போகாது என்று நினைத்துச் செய்தேன்.

அன்று சாயங்காலம் நீ வந்து ஆம்பைப் போட்டாய். முனகல் இல்லை. நீ முந்தின இரவு மாற்றிய பில்டர் கெபாசிட்டர்தான் வேலை செய்துவிட்டது என்று எண்ணி, என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாய். "ப்பா, கேக்குதா? ஒண்ணும் கேக்கலல்ல?" என்றாய். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். விருந்து முடியட்டும், அவன் வாசித்துக் கைதட்டு வாங்கட்டும், காரில் திரும்பி வரும்போது மெதுவாகச் சொல்லலாம், "அந்தக் கைதட்டில் பாதி எனக்குத் தரணும்டா" என்று கிண்டல் செய்யலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் சந்தோஷத்தை நான் கள்ளத்தனமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பாலோவில் கடைக்கு எதிர் வரிசையில் ஓர் அம்மா இருந்தார், தனியாக இருந்தவர், டிவிதான் துணை. அவர் செட்டை ரிப்பேருக்கு எடுத்து வந்து, அவசரத்தில் ஏதோ தவறாக இணைத்து, கருக்கிவிட்டேன். ஜோகூரில் எங்கள் தொழிலுக்கு ஒரு வசதி உண்டு, மாதம் பாதி நாள் இடி. கூசாமல் "இடி வாங்கியிருக்கும்மா" என்றேன். நம்பினார். நம்பியதோடு விடவில்லை. அதற்குப் பிறகு வானம் லேசாகக் கருத்தாலே வீட்டில் உள்ள பிளக் அத்தனையும் பிடுங்கிவிட்டு, மின்விசிறியும் இல்லாமல் வேர்த்து விறுவிறுத்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். பல வருடம் அதைக் கடையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அந்த அம்மா பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போன நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதை அடுத்தவர் தன் வாழ்க்கையில் சுமந்து திரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதோ பழகிவிட்டது. உன் விஷயத்தில் நான் செய்ததும் அதேதான், ஆள் மட்டும் என் மகன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் நீ பார்த்தது உனக்குத் தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பந்தலில் சாமான்களை இறக்கி வைத்து, வெறுங்காலோடு நின்று கிட்டாரைச் சரிபார்த்தாய். சட்டென்று கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"ப்பா, கம்பி லேசா கடிக்குதே."

"தரை ஈரம்டா. சப்பாத்து போட்டுக்க, சரியாயிடும்."

நீ மறுபேச்சு பேசாமல் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாய். கவின், கம்பி கடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். முப்பது வருடத் தொழில். அந்தப் பழைய கெபாசிட்டர் கசியத் தொடங்கிவிட்டது. ஆம்பை ஓரமாக எடுத்து வை என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். ஆனால் விருந்தாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள், உன் வருங்கால மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு முன்னால் பெட்டியைத் திறந்தால் ஏன், எதற்கு, யார் என்று கேள்வி வரும். ஒரு மணி நேரம்தானே, தாங்கும் என்று இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போனது. என் பக்கத்தில் இருந்தவரிடம் இந்த ஆம்ப் என் மகன் கையால் மாற்றியது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு முடியும்போது நீ வழக்கம்போல முடிக்காமல் இழுத்தாய். நிலானியும் வழக்கம்போல, இதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டு, இடது உள்ளங்கையை உன் கிட்டார் கம்பிகள் மேல் அழுத்தி வைத்தாள். வலது கையில் எர்த் இணைந்த மைக், கரண்டு ஓட அது போதும். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அசையவில்லை. விளையாடுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும் நினைத்தாய், உன் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் நினைக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, பிளக்கைப் பிடுங்கினேன். அவள் சரிந்து பூந்தொட்டி விளிம்பில் தலை மோதினாள். சப்பாத்து போட்டிருந்ததால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கவின், அன்றைக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கவினின் அப்பா மட்டும் சுதாரிக்காவிட்டால் பிள்ளை போயிருக்கும் என்றார்கள். நிலானியின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் புருவத்துக்கு மேல் ஆறு தையல் போட்டார்கள். இதயத் துடிப்பைப் பார்க்க ஒரு நாள் படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று நான் கிளம்பினேன். சாமான்களை உன் நண்பர்கள் நம் வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மாலை நாலரை இருக்கும். நல்ல வெயில். முன்கதவைப் பூட்டிவிட்டு ஆம்பைத் திறந்தேன். கெபாசிட்டர் வெடித்துக் கருகியிருந்தது. அதை எடுத்தேன். எர்த் கம்பியின் டேப்பைப் பிரித்து, பழைய இடத்தில் பற்றவைத்தேன். கெபாசிட்டரை ஒரு பழைய பேப்பரில் சுற்றி, பின்னால் குப்பைத்தொட்டியில் போட்டு, மேலே தேங்காய் மட்டையையும் போட்டேன். எல்லாம் இருபது நிமிடம். அதன்பிறகுதான் துணியை எடுத்துப் பையில் வைத்தேன். வரிசையைக் கவனி. முதலில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், பிறகு அந்தப் பெண்ணுக்குத் துணி எடுத்தேன்.

மறு வாரம் அவர்கள் வீட்டில் பேச்சுவார்த்தை. வீடியோ பார்த்துக் கரண்டில் கை வைக்கிற பையனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் தினம் தினம் பயந்து சாக வேண்டுமா என்று நிலானியின் அப்பா கேட்டார். கல்யாணம் தள்ளிப்போனது. நீ எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, இனிமேல் எந்தக் கரண்டு சாமானையும் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாய். நான் உனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதன்பிறகு நீ ஆம்பைத் திறந்து பார்த்ததெல்லாம் கரண்டு கொடுக்காமல், வெறும் கண்ணால் தேடுவதற்காக. ஒரு கம்பி இழை எங்கோ தொட்டிருக்கும், நான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். ஒவ்வொரு இணைப்பாக வரைபடத்தோடு ஒப்பிடுவாய். எல்லாம் சரியாக இருக்கும். சரியாக இருக்க இருக்க உன் முகம் இன்னும் கறுக்கும். பழுது கிடைத்திருந்தால் அதைத் திருத்திவிட்டு நீ எழுந்திருப்பாய். கிடைக்காததால் பழுது உன் கையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டாய். போன மாதம் அடுப்படி விளக்கு போனபோது, ஒரு பல்பை மாற்ற வெளியிலிருந்து ஆள் கூப்பிடச் சொன்னாய். அம்மா சிரித்துவிட்டாள். நான் ஸ்டூலில் ஏறி மாற்றினேன்.

இந்தப் புதன்கிழமை நீ போனை நீட்டி, பட்டறைக்கு எழுதியிருந்ததைப் படித்துப் பார்க்கச் சொன்னாய். கிட்டார் ஆம்புகளையும் ஸ்டூடியோ சாமான்களையும் பழுது பார்க்கிற அந்த இடத்தில், உன் ஆம்பின் சத்தத்தைப் பதிவில் கேட்டே உனக்கு ஒரு வேலை மேசை தருகிறோம் என்றவர்கள் அவர்கள். கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலையிலிருந்து நீ வெளியே வர ஐந்து வருடமாகக் காத்திருந்த வாசல் அது. நீ எழுதியிருந்தாய், வாய்ப்புக்கு நன்றி, என்னால் வர இயலாது, என் கைகளை நானே நம்பவில்லை என்று. "ஓகேவாப்பா?" என்றாய். நான் இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லாதான் எழுதியிருக்க" என்றேன். என்னைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த மரியாதையும் அந்த வார்த்தையோடு போய்விட்டது.

மறுநாள் பஸ் ஏறிப் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். சத்தியம் வாங்கியவர் நிலானியின் அப்பா, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான் என்று எனக்கு ஒரு கணக்கு. நல்ல வேளை, நிலானி வேலைக்குப் போயிருந்தாள். வரவேற்பறையில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கட மகனுக்குச் சொல்லிட்டீங்களோ?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"அப்ப ஏன் எனக்கு முதல் சொல்லுறீங்கள்? எனக்குச் சொல்லுறது லேசு."

அவர் வாசல் பக்கம், அந்தப் பூந்தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பிள்ளை செய்யாத பிழைக்குச் செய்த சத்தியம் செல்லாது என்றார். உங்களை மன்னிக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், கரண்டு பட்டது என் மகளுக்கு என்றார். நான் வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து நின்றார். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்" என்றார். அவர் சொல்லி நீ தெரிந்துகொண்டால் எனக்கு மகன் இல்லை. நான் சொல்லித் தெரிந்துகொண்டாலும் அதே கதிதானோ என்னவோ.

புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பன் எழுதுவதில் ஏதாவது இருக்க வேண்டும், அதனால் நான் சறுக்கிய இடங்களை மட்டும் காட்டுகிறேன், நீ பார்த்துக் கால் வை. நிலானிக்கு நல்லது செய்வதாக நினைத்து அவளுக்குத் தெரியாமல் எதையும் சரிசெய்யாதே. சொல்லாமல் செய்த உதவிக்குக் கடைசியில் சொல்லாமல் ஒரு விலை வந்து நிற்கும். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல். முதல் நாள் அது ஒரு வாய் வார்த்தை, இரண்டாம் வாரம் அது ஒரு குற்றம், எட்டாம் மாதம் அதைச் சொல்ல இத்தனை தாள் தேவைப்படுகிறது. கம்பி கடிக்கிறது என்று உன் கை சொன்னால் கையை நம்பு, பக்கத்தில் நிற்பவன் உன் அப்பனாகவே இருந்தாலும் அவன் சொல்வதைக் கேட்டுச் சப்பாத்து தேடிப் போகாதே. உன் கை அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னது. அந்தப் பந்தலில் சரியாக இருந்த ஒரே ஆள் நீதான்.

இனி நீயே பார்த்துக்கொள். ஆம்பைத் திற. பவர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் எர்த் கம்பி சட்டத்தில் சேரும் இடத்தைப் பார். உன் ஈயப் பற்று எல்லா இடத்திலும் பளபளவென்று சின்னதாக இருக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் பெரிதாக, மங்கலாக, கோணலாக இருக்கும். எனக்கு வலது கண்ணில் புரை, அன்றைக்கு அவசரம் வேறு. எந்தக் கத்துக்குட்டியும் பார்த்தவுடன் கேட்பான், இது யார் வைத்த பற்று என்று. நீ எட்டு மாதம் அதைப் பார்த்தாய். உன் ஈயத்தைச் சந்தேகப்பட்டாய், உன் கண்ணை, உன் கையை, கடைசியில் உன் புத்தியையே சந்தேகப்பட்டாய். வீட்டில் ஈயம் பற்றவைக்கத் தெரிந்த இன்னொருவன் இருக்கிறான் என்பது உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பட்டறைக்கு நீ எழுதி வைத்திருக்கிற பதிலை அனுப்பாதே. என் மேல் உள்ள கோபத்திலும் அனுப்பிவிடாதே. கோபத்தை என்னிடமே காட்டு. நிலானியிடம் நான் நேரில் போய்ச் சொல்கிறேன், நீ அனுமதித்தால். அவளுக்கு இடது கையில் இரண்டு விரல் ஒன்றரை மாதம் மரத்துக் கிடந்தது, அதைப் பற்றி அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவன் நான்தான். அம்மாவுக்கு இன்று சாயங்காலம் சொல்வேன். கல்யாணத்தில் நான் எங்கே நிற்க வேண்டும், நிற்கவே வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். சொன்ன இடத்தில் நிற்கிறேன்.

இதை உன் மேசையில் வைத்துவிட்டு, லாயாங் லாயாங்கில் பெரியப்பா வீட்டுக்கு இரண்டு நாள் போய்விடலாம் என்று காலையில் துணி எடுத்து வைத்தேன். எழுதி முடிக்கும்போதுதான் புரிந்தது, அதுவும் அதே ஓட்டம்தான் என்று. துணியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன். ஹாலில் உட்கார்ந்திருப்பேன். நீ படித்துவிட்டு வெளியே வந்து முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில், நான்தான் அவளைக் கொல்லப் பார்த்தேன் என்று தரையில் உட்கார்ந்து நீ அழுதபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் தோளில் கை போட்டேனே, அப்போதே உங்களுக்குத் தெரியுமாப்பா என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல வாய் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தெரியும்.

அப்பா